மூளையின் இரத்தக்குழாய்ச் செல்களும் பக்கவாதமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பக்கவாதம் வந்தவரின் குடும்பத்தார் மருத்துவரிடம் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை அடைப்பைப் பற்றியவை: அடைப்பு எங்கே இருக்கிறது, அதை எடுத்தாயிற்றா, மறுபடியும் வருமா. அடைபட்ட அந்தக் குழாயின் சுவரும் உயிருள்ள செல்களால் ஆனது என்பதும், அந்தச் செல்கள் என்ன ஆகின்றன என்பதைப் பொறுத்தே நோயாளியின் நிலை பல நேரங்களில் தீர்மானமாகிறது என்பதும் பேச்சில் வருவதே இல்லை. இந்தப் பக்கம் அந்தச் செல்களைப் பற்றியது.

பக்கவாதம் நரம்பு நோயா, இரத்தக்குழாய் நோயா?

தொடங்குவது இரத்தக்குழாயில், சேதமடைவது மூளை. தமிழில் நாம் வழங்கும் ‘பக்கவாதம்’ என்ற சொல் நோயின் விளைவை, அதாவது ஒரு பக்கக் கையும் காலும் செயலிழந்து போவதைத்தான் சுட்டுகிறது. அதனாலேயே இதை நரம்புத் தளர்ச்சி என்று எண்ணி எண்ணெய் தேய்த்துக்கொண்டு காலம் கடத்துபவர்களை இன்றும் காண்கிறோம். மருத்துவர்கள் ஸ்ட்ரோக் என்று சொல்லும்போது காரணத்தை மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள்: மூளைக்குப் போகும் குழாய் அடைபட்டது, அல்லது மூளையில் ஒரு குழாய் கிழிந்து இரத்தம் கசிந்தது. உலக அளவில் 2019ஆம் ஆண்டில் சுமார் 1.22 கோடிப் பேருக்குப் புதிதாகப் பக்கவாதம் வந்ததாகக் கணக்கிடப்பட்டது. அவற்றில் ஏறத்தாழ 62 சதவீதம் அடைப்பினால் வந்தவை. 28 சதவீதம் மூளைத் திசுவுக்குள் ஏற்பட்ட கசிவு. எஞ்சியவை மூளையைச் சுற்றியுள்ள உறைகளுக்கு இடையே ஏற்பட்ட கசிவு. மூன்றிலும் முதலில் பழுதாவது குழாயோ, குழாய்க்குள் ஓடும் இரத்தமோதான்.

முகம் மட்டும் ஒரு பக்கம் கோணிக்கொள்ளும் முகவாதம் முகத்துக்குரிய நரம்பின் கோளாறு. அது வேறு நோய். ஆனால் எது எது என்று வீட்டில் இருந்தபடி தீர்மானிக்கக் கூடாது.

மூளையின் இரத்தக்குழாய்ச் சுவரில் என்னென்ன செல்கள் இருக்கின்றன?

மனித மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடல் ஓய்வாக இருக்கும்போது செலவழிக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. அந்தத் தேவையை நிறைவேற்ற மூளைக்குள் பரவியிருக்கும் தந்துகிகளை, அதாவது மிக நுண்ணிய இரத்தக்குழாய்களை, ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி வைத்தால் 600 கிலோமீட்டருக்கு மேல் வரும் என்பது மதிப்பீடு.

தந்துகியின் உட்புறத்தில், இரத்தம் நேரடியாகத் தொட்டு ஓடும் ஒற்றை அடுக்காக இருப்பவை எண்டோதீலியச் செல்கள். இவற்றை உள்வரிச் செல்கள் எனலாம். அவற்றின் வெளிப்பக்கத்தில், இரண்டையும் சூழும் ஒரு மெல்லிய அடித்தளச் சவ்வுக்குள், கைகளை விரித்துக் குழாயை அணைத்துக்கொண்டிருப்பதுபோல ஆங்காங்கே அமர்ந்திருப்பவை பெரிசைட்டுகள். சற்றுப் பெரிய குழாய்களான தமனிகளில் பெரிசைட்டுகளின் இடத்தில் மென்தசைச் செல்கள் வளையம் வளையமாகச் சுற்றியிருக்கும். இவை எல்லாவற்றுக்கும் வெளியே, ஆஸ்ட்ரோசைட் எனப்படும் மூளைச் செல்களின் பாதங்கள் குழாயின் புறப்பரப்பை ஏறக்குறைய முழுவதுமாகப் போர்த்தியிருக்கும். பக்கத்து நியூரான் (நரம்புச் செல்) சுறுசுறுப்பாகும்போது அந்தச் செய்தி குழாய்க்கு எட்டி, குழாய் விரிந்து, அந்த இடத்துக்குக் கூடுதல் இரத்தம் வருகிறது. நியூரானும் குழாயும் இப்படி ஒன்றாக இயங்குவதால், இந்தக் கூட்டம் முழுவதையும் ஒரே அலகாகப் பார்க்க வேண்டும் என்ற கருத்து ஆய்வாளர்களிடையே இப்போது வேரூன்றிவிட்டது. நியூரானை மட்டும் காப்பாற்ற முயன்ற பல பத்தாண்டுக் கால ஆராய்ச்சி ஏன் ஏமாற்றத்தில் முடிந்தது என்பதற்கு இதுவே முதல் விளக்கம் என்று நான் கருதுகிறேன்.

இரத்த–மூளைத் தடுப்பு என்பது உண்மையில் ஒரு சுவரா?

1885இல் ஜெர்மானிய ஆய்வாளர் பால் எர்லிக் விலங்குகளின் இரத்தத்தில் சாயம் ஏற்றியபோது, உடலின் மற்ற உறுப்புகள் நிறம் ஏற, மூளை மட்டும் வெளிறியே இருந்தது. மூளைத் திசுவுக்குச் சாயத்தைப் பற்றும் இயல்பு குறைவு என்று அவர் எண்ணினார். அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் 1913இல் சாயத்தை மூளையைச் சூழ்ந்த நீரில் செலுத்தியபோது மூளை நன்றாகவே நிறம் ஏறியது. ஆக, இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் ஏதோ ஒன்று தடுக்கிறது என்பது புலப்பட்டது. அந்த ‘ஏதோ ஒன்று’ எது என்பதை 1967இல் ரீஸ், கார்னோவ்ஸ்கி ஆகிய இருவரும் எலியின் மூளையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துக் காட்டினார்கள். உள்வரிச் செல்கள் ஒன்றோடொன்று இறுக்கமாகப் பூட்டப்பட்டிருந்தன. கிளாடின்-5, ஆக்ளூடின் முதலிய புரதங்கள்தான் அந்தப் பூட்டுகள்.

ஆகவே தனியாக ஒரு சுவர் கிடையாது. உள்வரிச் செல்களின் இறுக்கமான இணைப்பும், குளுக்கோஸ் போன்ற தேவையானவற்றை மட்டும் ஏற்றிச் செல்லும் வாயில்களும், வேண்டாதவற்றை மீண்டும் இரத்தத்துக்குள் தள்ளும் பம்புகளும் சேர்ந்ததுதான் இந்தத் தடுப்பு. இதை ஒவ்வொரு கணமும் பராமரிக்க ஆற்றல் வேண்டும். மூளையின் உள்வரிச் செல்களில், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா மிகுதியாக இருப்பதை இதோடு தொடர்புபடுத்துகிறார்கள். இரத்தம் நின்றால் இந்தப் பராமரிப்பும் நின்றுபோகும்.

குழாய் அடைபட்ட முதல் நிமிடங்களில் என்ன நடக்கிறது?

இயல்பான நிலையில் 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லிலிட்டர் இரத்தம் ஓடுகிறது. அது 20ஐ ஒட்டிக் குறையும்போது நியூரான்கள் உயிரோடு இருந்தும் வேலை செய்வதை நிறுத்திவிடுகின்றன. 10 அளவுக்கு இறங்கினால் சிறிது நேரத்தில் மடிகின்றன. முதல் வகைப் பகுதிதான் காப்பாற்றக்கூடிய விளிம்புப் பகுதி. சிகிச்சை முழுவதும் அதற்காகத்தான். ஒரு பெரிய தமனி அடைபட்டால் சிகிச்சையில்லாத ஒவ்வொரு நிமிடமும் சராசரியாக 19 லட்சம் நியூரான்கள் அழிகின்றன என்று 2006இல் வெளிவந்த கணக்கு ஒன்று உண்டு. அதை நோயாளிக்கு நோயாளி மாறும் சராசரி என்று மட்டுமே கொள்ள வேண்டும்.

இதே நேரத்தில் குழாய்ச் சுவரிலும் மாற்றங்கள் தொடங்கிவிடுகின்றன. வழக்கமாக உள்வரிச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயை விரித்தும், இரத்தத் தட்டுகளை ஒட்டவிடாமலும் வைத்திருக்கும். ஆக்சிஜன் இல்லாதபோது அந்தச் சுரப்பு தடுமாறுகிறது. செலெக்டின், ஐசிஏஎம்-1 என்ற ஒட்டுப் புரதங்கள் செல்லின் மேற்பரப்பில் தோன்றுகின்றன. வெள்ளணுக்கள் அவற்றைப் பற்றிக்கொண்டு தந்துகிகளில் சிக்கி நிற்கின்றன. ஆஸ்ட்ரோசைட்டின் பாதங்கள் நீர் கோத்து வீங்கித் தந்துகியை வெளியிலிருந்து நெருக்குகின்றன.

அடைப்பை எடுத்தாயிற்று, இரத்தம் ஓடுகிறது என்று படத்தையும் காட்டினார்கள். ஆனாலும் கை ஏன் அசையவில்லை?

இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டிய கேள்வி இதுதான். தொடைத் தமனி வழியாக நுண்குழாய் செலுத்தி உறைகட்டியை வெளியே இழுத்தெடுக்கும் சிகிச்சையின் பயன் 2015இல் வெளியான ஐந்து பெரிய சோதனைகளால் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. அந்த ஐந்தையும் ஒன்றாகத் தொகுத்த 2016ஆம் ஆண்டு ஆய்வின்படி, இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 46 சதவீதத்தினர் மூன்று மாதத்தில் பிறர் உதவியின்றி வாழும் நிலைக்கு வந்தார்கள்; பெறாதவர்களில் அது 26.5 சதவீதம். நவீன மருத்துவத்தில் இவ்வளவு பெரிய வேறுபாட்டை ஏற்படுத்தும் சிகிச்சைகள் அரிது. ஆனால் இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்: சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ 71 சதவீதத்தினருக்குக் குழாய் நன்றாகவே திறந்திருந்தது. திறந்தவர்களில் கணிசமானோர் தேறவில்லை என்பதை இந்த இரண்டு எண்களுமே சொல்லிவிடுகின்றன.

இதற்கு எல்லோருக்கும் தெரிந்த ஒரு காரணம் தாமதம். திறப்பதற்குள் மூளையின் பெரும் பகுதி மடிந்திருக்கலாம். இன்னொரு காரணத்தை 1968இல் ஏம்ஸும் அவருடைய குழுவினரும் முயல்களில் கண்டார்கள். மூளைக்கான இரத்தத்தைச் சில நிமிடங்கள் நிறுத்திவிட்டு மீண்டும் ஓடவிட்டபோது, பெரிய குழாய்கள் திறந்திருந்தும் மூளையின் சில பகுதிகளுக்கு இரத்தம் திரும்பவே இல்லை. வாய்க்காலின் மடையைத் திறந்தும் வயலின் கடைக்கோடிக்குத் தண்ணீர் போய்ச் சேராத நிலை அது. ஆஞ்சியோ படத்தில் நாம் பார்ப்பது வாய்க்காலை. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான அகலமுள்ள தந்துகிகள் அதில் தெரிவதில்லை.

தந்துகிகளில் இரத்தம் ஏன் நிற்கிறது? சிக்கிய வெள்ளணுக்களும், சிறு உறைவுகளும், வீங்கிய உள்வரிச் செல்களும் காரணம். இவற்றோடு பெரிசைட்டுக்கும் பங்கு உண்டு என்பதற்கு இரண்டு முக்கியமான ஆய்வுகள் உள்ளன. 2009இல் அங்காராவின் ஹாஜெத்தெப்பே பல்கலைக்கழகத்தில் துர்காய் தல்காராவின் குழு, எலியின் தமனியை அடைத்து மீண்டும் திறந்த பிறகும் பெரிசைட்டுகள் சுருங்கியே இருந்து தந்துகிகளை நெரித்ததைக் காட்டியது. 2014இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் டேவிட் ஆட்வெல் குழு, ஆக்சிஜன் இழந்த பெரிசைட்டுகள் முதலில் சுருங்கிப் பின்னர் அந்தச் சுருக்கத்திலேயே இறந்துவிடுகின்றன என்று கண்டது. இறந்த உடல் விறைப்பதுபோல, தந்துகியை இறுகப் பற்றியபடியே அந்தச் செல் விறைத்துவிடுகிறது. பிறகு மேலே எந்தக் கட்டியை எடுத்தாலும் அந்தப் பிடி தளர்வதில்லை.

அப்படியென்றால் பெரிசைட்தான் காரணம் என்று முடிவாகிவிட்டதா?

இல்லை. 2015இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு ஒன்று, உயிருள்ள எலியின் மூளையை நேரடியாகப் பார்த்து, இரத்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்துபவை மென்தசைச் செல்களே என்று வாதிட்டது. இந்தக் கருத்து மோதலில் ஒரு பகுதி பெயரைப் பற்றியது: தமனி தந்துகியாக மாறும் இடத்தில் உள்ள செல்லை ஒருவர் பெரிசைட் என்கிறார், மற்றவர் மென்தசை என்கிறார். மேலும் இவை எலிகளில் கண்டவை. மனிதர்களில், கட்டியை எடுத்த பின் எஞ்சிய நுண்ணுறைவுகளைக் கரைக்கத் தமனிக்குள்ளேயே மருந்து செலுத்திய ஒரு சிறிய ஸ்பானியச் சோதனை 2022இல் நம்பிக்கையூட்டும் முடிவைத் தந்தது. அதன் பின் நடந்த சோதனைகள் ஒரே குரலில் பேசவில்லை. தந்துகி மட்டத்துத் தடை உண்மை என்பதில் எனக்கு ஐயமில்லை. அதில் எந்தச் செல்லின் பங்கு எவ்வளவு என்பது இன்னும் தீராத வழக்கு.

கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டால் மூளையில் இரத்தம் கசியும் என்று பயமுறுத்துகிறார்களே?

பயமுறுத்துவதற்காகச் சொல்வதில்லை, ஒப்புதல் கேட்கும்போது சொல்லியே ஆக வேண்டிய உண்மை அது. ஆல்டெப்ளேஸ் எனப்படும் மருந்து, உள்வரிச் செல்கள் இயல்பாகவே சுரக்கும் ஒரு புரதத்தின் ஆய்வகப் பிரதி. உறைகட்டியைத் தானே கரைத்துக்கொள்ளக் குழாய் வைத்திருக்கும் கருவியை நாம் பெரிய அளவில் திருப்பித் தருகிறோம், அவ்வளவுதான். 1995இல் அமெரிக்காவில் நடந்த சோதனையில், மூன்று மணி நேரத்துக்குள் இந்த ஊசி பெற்றவர்கள் மூன்று மாதத்தில் ஊனமே இல்லாமலோ மிகச் சிறிய ஊனத்தோடோ இருக்கும் வாய்ப்பு குறைந்தது 30 சதவீதம் அதிகமாக இருந்தது. அதே சோதனையில் நிலையை மோசமாக்கிய மூளைக் கசிவு ஊசி பெற்றவர்களில் 6.4 சதவீதத்தினருக்கும், பெறாதவர்களில் 0.6 சதவீதத்தினருக்கும் ஏற்பட்டது. கசிவையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகுதான் நன்மை மிகுதி என்ற முடிவு எட்டப்பட்டது என்பதைக் குடும்பத்தார் அறிந்துகொள்வது நல்லது.

கசிவு ஏன் ஏற்படுகிறது என்பதற்கான விடையும் குழாய்ச் சுவரில் இருக்கிறது. இரத்தம் இல்லாத நேரத்தில் எம்எம்பி-9 என்ற நொதி பெருகி, உள்வரிச் செல்களையும் பெரிசைட்டையும் தாங்கும் அடித்தளச் சவ்வை அரிக்கிறது. வெள்ளணுக்களும் அதே நொதியைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. நேரம் செல்லச் செல்லச் சுவர் நைந்துபோகிறது. நைந்த சுவருக்குள் முழு அழுத்தத்தோடு இரத்தம் திரும்பும்போது அது கிழிகிறது. 2008இல் வந்த ஐரோப்பியச் சோதனைக்குப் பின் நான்கரை மணி நேரம் என்று எல்லை வகுக்கப்பட்டதற்கு, மூளை மடிவது மட்டுமல்லாமல் சுவர் நைவதும் காரணம். ஊசிக்கு முன் இரத்த அழுத்தத்தை 185/110க்குக் கீழே கொண்டுவரக் காத்திருப்பதும் இதற்காகவே; அதை வீண் தாமதம் என்று எண்ண வேண்டாம்.

முதல் நாள் பேசிக்கொண்டிருந்தவர் மூன்றாம் நாள் நினைவிழந்தது ஏன்?

பெரும்பாலும் வீக்கத்தால். முதல் சில மணி நேரங்களில் செல்கள் தாமே நீரை உறிஞ்சி வீங்குகின்றன. பிறகு உள்வரிச் செல்களின் பூட்டுகள் கழன்று, இரத்தத்தின் நீரும் புரதமும் மூளைத் திசுவுக்குள் கசிகின்றன. இந்த வீக்கம் பொதுவாக இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் உச்சத்தை அடைகிறது. மண்டையோட்டுக்குள் விரிவதற்கு இடமில்லாததால், வீங்கிய பகுதி நல்ல பகுதியை நசுக்குகிறது.

மூளையின் ஒரு பக்கத்துக்கு இரத்தம் தரும் நடுத்தமனி முழுவதுமாக அடைபட்டவர்களில், 60 வயது வரையுள்ளோருக்கு 48 மணி நேரத்துக்குள் மண்டையோட்டின் ஒரு பகுதியைத் தற்காலிகமாக அகற்றி அழுத்தத்தைக் குறைக்கும் அறுவையை மூன்று ஐரோப்பியச் சோதனைகள் ஆராய்ந்தன. 2007இல் அவற்றைத் தொகுத்துப் பார்த்தபோது, ஓராண்டுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் அறுவை செய்தவர்களில் 78 சதவீதம், செய்யாதவர்களில் 29 சதவீதம். பிழைத்தவர்களில் பலர் ஊனத்தோடு வாழ்கிறார்கள் என்பதால், இந்த முடிவைக் குடும்பம் முழு விவரத்தோடு எடுக்க வேண்டும்.

அடைப்பில்லாமல் குழாய் வெடித்துக் கசிவதற்கும் இந்தச் செல்களுக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு உண்டு. பல ஆண்டுகள் கட்டுப்பாடில்லாத இரத்த அழுத்தத்தைத் தாங்கும் சிறு தமனிகளில் மென்தசைச் செல்கள் மடிந்து, அவற்றின் இடத்தை மீள்தன்மையற்ற நார்ப்பொருள் பிடித்துக்கொள்கிறது. பெரிய தமனியிலிருந்து செங்குத்தாகப் பிரிந்து மூளையின் ஆழத்துக்குப் போகும் நுண்தமனிகளில் இது அதிகம் நேர்வதால், அழுத்தத்தால் வரும் கசிவு ஆழப் பகுதிகளிலேயே பெரிதும் காணப்படுகிறது. முதியவர்களில் இன்னொரு வகை உண்டு: அமைலாய்டு எனும் புரதம் மூளையின் மேற்பரப்புக் குழாய்களின் சுவரில் படிந்து மென்தசைச் செல்களை அழித்துவிடுகிறது, அப்போது கசிவு மூளையின் புறப்பகுதியில் ஏற்படும். கசிந்த இடத்தைப் பார்த்தே எந்தச் சுவர் எதனால் கெட்டது என்று மருத்துவர் ஓரளவு ஊகிக்க முடிகிறது.

இளவயதினருக்குக் கசிவு வரும்போது, தமனியும் சிரையும் நடுவில் தந்துகி இல்லாமல் நேரடியாகப் பின்னிக்கொண்ட முடிச்சு ஒன்று காரணமாக இருக்கலாம். இத்தகைய முடிச்சுகள் பலவற்றின் உள்வரிச் செல்களில் கேராஸ் என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது 2018இல் தெரியவந்தது. இந்த மாற்றம் பெற்றோரிடமிருந்து வருவதில்லை; அந்தச் செல்களில் மட்டும் இருப்பது. 2022இல் சான் பிரான்சிஸ்கோவின் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அறுவையின்போது எடுத்த மனித மூளைக் குழாய்களைச் செல் செல்லாகப் பிரித்து, இயல்பான குழாய்களையும் இத்தகைய முடிச்சுகளையும் ஒப்பிட்டு ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். அதுவரை விவரிக்கப்படாத 40க்கும் மேற்பட்ட செல் வகைகள் அதில் இடம்பெற்றன. கசிந்த முடிச்சுகளில் ஒருவகை நோயெதிர்ப்புச் செல்கள் மென்தசைச் செல்களோடு மோதி அவற்றைக் குறைப்பதாக அவர்கள் கண்டார்கள். எந்த முடிச்சு கசியும், எது வாழ்நாள் முழுவதும் அமைதியாக இருக்கும் என்று இன்று நம்மால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்கு விடை இந்தத் திசையிலிருந்து வரும் என்று நம்புகிறேன்.

இது பரம்பரையாக வருமா?

பெரும்பாலான பக்கவாதங்கள் அப்படி வருவதில்லை. விதிவிலக்காக, கடாசில் என்ற நோய் உண்டு. நாட்ச்-3 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றம் அதற்குக் காரணம் என்று 1996இல் பாரிஸ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அந்த மரபணு மென்தசைச் செல்களிலும் பெரிசைட்டுகளிலும் வேலை செய்வது. அவை மெல்ல மெல்ல மடிவதால், இரத்த அழுத்தமோ சர்க்கரையோ இல்லாதவருக்கும் நடுத்தர வயதில் சிறு சிறு பக்கவாதங்கள் தொடர்ந்து வரலாம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. பாதிக்கப்படுவது மூளையாக இருந்தாலும் இந்த மாற்றத்தின் தடயம் தோலின் நுண்குழாய்களிலும் இருப்பதால், சிறு தோல் துண்டைச் சோதித்தே நோயைக் கண்டறிய முடிந்தது.

குழாய்ச் செல்களைக் காக்கும் மருந்து ஏதேனும் இருக்கிறதா?

பக்கவாதம் வந்த நேரத்தில் கொடுத்து இந்தச் செல்களைக் காப்பாற்றும் மருந்து எதுவும் இன்று நிறுவப்பட்ட சிகிச்சையாக இல்லை. முயற்சிகள் நடக்காமல் இல்லை. மேலே சொன்ன ஐசிஏஎம்-1 என்ற ஒட்டுப் புரதத்தை மறித்தால் வெள்ளணுக்கள் சிக்காது என்ற எண்ணத்தில், என்லிமோமாப் என்ற எலி எதிர்ப்பொருளை 625 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2001இல் முடிவு வெளியானபோது, மருந்து பெற்றவர்களின் நிலை பெறாதவர்களைவிட மோசமாக இருந்தது. மனித உடல் அந்த எலிப் புரதத்தையே அந்நியமாகக் கருதி அழற்சியைப் பெருக்கியிருக்கலாம் என்பது பின்னர் தரப்பட்ட விளக்கம். எலியில் பலித்த ஒன்றை இணையத்தில் படித்துவிட்டு ‘இதை ஏன் கொடுக்கவில்லை’ என்று கேட்பவர்களுக்கு இந்தச் சோதனையை நினைவூட்ட விரும்புகிறேன்.

வருவதற்கு முன் காப்பது வேறு. அதற்கு வழிகள் தெளிவாகத் தெரியும். இந்தியா உட்பட 32 நாடுகளில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று, மாற்றிக்கொள்ளக்கூடிய பத்துக் காரணிகளே பக்கவாத ஆபத்தில் ஏறத்தாழ 90 சதவீதத்தோடு தொடர்புடையவை என்றும், அவற்றில் முதலிடம் உயர் இரத்த அழுத்தத்துக்கு என்றும் காட்டியது. புகையும் கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் உள்வரிச் செல்களின் நைட்ரிக் ஆக்சைடு சுரப்பைக் கெடுக்கின்றன. பிரஷர் மாத்திரையைத் ‘தலைசுற்றல் இல்லையே’ என்று நிறுத்துபவர்கள் பலர். மென்தசைச் செல் மடியும்போது வலிக்காது.

பக்கவாதத்துக்குப் பிறகு இந்தக் குழாய்கள் மீண்டும் வளருமா?

சேதமடைந்த பகுதியின் ஓரங்களில் சில நாட்களிலேயே உள்வரிச் செல்கள் பெருகிப் புதிய நுண்குழாய்கள் முளைக்கத் தொடங்குகின்றன. அதைத் தூண்டும் விஇஜிஎஃப் என்ற புரதத்துக்கு இரண்டு குணங்கள் உண்டு: முதல் நாட்களில் அது குழாய்களைக் கசியவைக்கிறது, பின்னாட்களில் அதே புரதம் புதுக் குழாய்களைக் கட்ட உதவுகிறது. ஒரே பொருளை எப்போது தடுப்பது, எப்போது வளர்ப்பது என்பதே மருந்து தேடுபவர்களுக்கு உள்ள பெரிய சிக்கல்.

மருத்துவமனையில் முதலில் எதைச் சொல்ல வேண்டும்?

நோயாளி கடைசியாக நன்றாக இருந்ததை யார், எத்தனை மணிக்குப் பார்த்தார் என்பதை. விழுந்து கிடந்ததைப் பார்த்த நேரம் அல்ல. வழக்கமாக உண்ணும் மாத்திரைகளின் அட்டைகளையும், குறிப்பாக இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை என்றால் கடைசியாக எப்போது உட்கொண்டார் என்பதையும் கொண்டுசெல்லுங்கள். முகம் கோணல், கை தளர்தல், பேச்சு குழறல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் தமிழ்நாட்டில் 108ஐயும், இலங்கையில் 1990ஐயும் அழைத்து, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வாயில் எதையும் ஊட்ட வேண்டாம். அடைப்பா கசிவா என்று தெரியாமல் ஆஸ்பிரினும் கொடுக்க வேண்டாம். தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால் நேரம் கடந்துவிட்டது என்று எண்ணி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். எம்ஆர்ஐ படத்தைக் கொண்டு சேதம் புதிதா பழையதா என்று மதிப்பிட்டுச் சிலருக்கு ஊசி போட முடியும் என்று 2018இல் ஒரு சோதனை காட்டியது. அதே ஆண்டு வந்த வேறொரு சோதனை, தேர்ந்தெடுத்த சில நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரையிலும் கட்டியை இழுத்தெடுப்பதால் பயன் உண்டு என்று காட்டியது.